வீட்டு ஓனர் பேரு

ஏனுங்க சார், வருமான வரியைப் போன்லயே போட்டுக்கலாமா, இல்ல ஆடிட்டர்கிட்டக் குடுக்கறது தேவலையான்னு இப்பக் கேட்டீங்களே, எங்கிட்டத்தானுங்களே? நல்ல ஆளாப் பாத்துத்தான் கேட்டிருக்கறீங்க. இந்த பெஞ்சுல உக்காந்திருக்கற ஏழு பேர்ல ரெண்டையும் பண்ணிப் பாத்தவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். சித்தெ இப்படித் தள்ளி உக்காருங்க, அங்க ஃபேன் காத்து வராது. கீழ பேக்கரி அடுப்புச் சூடெல்லாம் அந்தச் செவுத்து வழியாத்தான் மேல ஏறுது. ஹெல்மெட்டைக் கீழ வெச்சிருங்க, உங்க முறை வர இன்னும் முக்கால் மணி நேரமாகும். உள்ள ஆடிட்டர்கிட்ட இருக்கறது என்ற சம்சாரம். அவ உள்ள போனா வெசையா வர மாட்டா.

நான் ஏன் உள்ள போகலைன்னு பாக்கறீங்க. வரக் கூடாதுன்னு சொல்லிப்போட்டா. அவ கணக்கு அவளுதாம். அதனால நான் பையை வெச்சுக்கிட்டு வெளிய உக்காந்திருக்கறேன். சிரிக்காதீங்க சார். அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி நான் எந்த வீட்டுல படுத்து எந்திரிக்கப் போறேங்கறது இன்னிக்கு இங்கதான் முடிவாகப் போகுது. எல்லாம் போன்ல வரி போடப் போன வினை.

எம்பேரு சென்னியப்பனுங்க. பம்ப் கம்பெனியில ஸ்டோர்ஸ் மேனேஜர், இருபத்தாறு வருச சர்வீஸ். ஒண்டிப்புதூர்ல வீடு. சொந்த வீடு, மாடி வெச்சது. மனை மட்டும் மாமனார் குடுத்தது, கட்டடம் முழுக்க பதினேழு வருசம் முந்தி நான் நின்னு கட்டுனது. பத்திரம் ருக்குமணி பேர்ல இருக்குது. ருக்குமணிதான் சம்சாரம். எம்பேர்ல போட்டா அண்ணன் தம்பிக நாளைக்குப் பங்குன்னு வந்து நிப்பானுகளேன்னு ஒரு முன்ரோசனை, அவ்வளவுதான். பத்திரம் பாட்டுக்கு பீரோக்குள்ள கெடக்குது, வீட்டுல நாமதான இருக்கறோம்?

சரி, ஆடிட்டர் கதைக்கு வர்றேன். இந்த வரதராசன்கிட்டப் பதினாலு வருசம் குடுத்தேனுங்க. ஜூலை மாசமானா கம்பெனியில குடுக்கற சம்பளப் பேப்பரை எடுத்துக்கிட்டு இதே படி ஏறுவேன். மனுசன் தங்கமான மனுசன், ஆனா வாய் ஓயாது. பையனுக்கு எவ்வளவு ஃபீஸ் கட்டுனீங்க, ரசீது எங்க. இன்சூரன்ஸ் கட்டுனீங்களே, ரசீது எங்க. கோயிலுக்கு ஐநூறு ரூபா குடுத்தேன்னு சொன்னா, அதுக்கும் ரசீது எங்க. நம்மளை எதுலயும் நம்ப மாட்டாரு. சம்பளத்துல வீட்டு வாடகைப் படின்னு மாசம் ஒரு தொகை குடுக்கறாங்களே, வாடகைக்கு இருக்கறேன்னு காட்டுனா அதுக்கு வரி குறையுமேன்னு ஒருக்கா கேட்டேன். கண்ணாடியைக் கழட்டி வெச்சுப்போட்டு, "நீங்க யாருக்குங்க வாடகை குடுக்கறீங்க?"ன்னாரு. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது. இதுக்கு ஃபீஸ் ஆயிரத்தைந்நூறு. இல்லைன்னு சொல்லிக் கேக்கறதுக்கு ஆயிரத்தைந்நூறு ரூபாயான்னு எனக்கு ஒரு கடுப்பு.

ரெண்டு வருசம் முந்தி கம்பெனி கேன்டீன்ல பேசிக்கிட்டாங்க, இப்பெல்லாம் எவன் ஆடிட்டர்கிட்டப் போறான், சாஃப்ட்வேர் இருக்குது, இருபது நிமிசத்துல முடிஞ்சுதுன்னு. நான் ஸ்டோர்ஸ்ல பதினோராயிரம் ஐட்டத்துக்குக் கம்ப்யூட்டர்ல கணக்கு வெச்சிருக்கறவன். எனக்கென்ன இது பெரிய வித்தையா? அந்த ஞாயித்துக்கிழமையே கறிக்குழம்பைத் தின்னுப்போட்டு உக்காந்துட்டேன்.

சார், ஒண்ணு சொல்லோணும். அந்த சாஃப்ட்வேர் மாதிரி மரியாதை தெரிஞ்சது எதையும் நான் பாத்ததில்லை. திறந்ததும் "வணக்கம் சென்னியப்பன்"னுது. ஒரு பக்கத்தை நிரப்புனா பச்சையில ஒரு டிக் போட்டு "சூப்பர்"னுது. பதினாலு வருசத்துல வரதராசன் எனக்கு ஒரு சூப்பர் சொல்லியிருப்பாரா? ரசீதே கேக்கலைங்க. நாம சொன்னா நம்பிக்கிச்சு. மூலையில பச்சையா ஒரு நம்பர் வேற. அதுதான் நமக்குத் திரும்பி வர்ற காசு. மொதல்ல ரெண்டாயிரத்துச் சில்லறை இருந்துது. இன்சூரன்ஸைப் போட்டேன், ஏறுச்சு. இன்னொண்ணைப் போட்டேன், இன்னும் ஏறுச்சு. ரம்மி ஆடறவனுக்கு வர்ற மாதிரி ஒரு குறுகுறுப்பு வந்துருச்சு எனக்கு.

அப்பத்தான் கேட்டுது, "நீங்கள் வாடகை வீட்டில் வசிக்கிறீர்களா?"ன்னு.

வரதராசன் பக்கத்துல இல்லை. கண்ணாடியைக் கழட்டறதுக்கு ஆள் இல்லை. சும்மா அழுத்திப் பாப்போமேன்னு ஆமான்னு அழுத்துனேன். மாசம் பதினஞ்சாயிரம் வாடகைன்னு போட்டேன். பச்சை நம்பர் ஒரே தாவா இருபத்தேழாயிரத்தைத் தாண்டிப் போச்சுங்க! அதுக்கப்பறம் கையெடுக்க மனசு வருமா? வீட்டு ஓனர் பேரு கேட்டுது, பான் நம்பர் கேட்டுது. கண்டவங்க பான் கார்டுக்கு நான் எங்க போவேன்? ருக்குமணியோடது பீரோவுல இருந்துது. யோசிச்சுப் பாத்தா பத்திரத்துலயும் அவ பேருதான். அப்ப ஓனர் யாரு, அவதான? இதுல பொய் எங்கீங்க இருக்குது? வாடகை குடுக்கலைங்கறது ஒண்ணுதான் கொஞ்சம் இடிச்சுது. அதுவும் சோறு, சீலை, ஆஸ்பத்திரின்னு நாம குடுக்கறதெல்லாம் வாடகை இல்லாம என்ன?

பெருமையாக் கூப்பிட்டுக் காட்டுனேன். "இந்தா பாரு ருக்கு, வீட்டு ஓனர்னு உன்ற பேரைப் போட்டிருக்கறேன்"ன்னேன். பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தவ ஈரக் கையோட வந்து பாத்தா. எங்க இருக்குதுன்னா. விரலை வெச்சுக் காட்டுனேன். ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே நின்னா. இன்னொருக்கா படிச்சுக் காட்டுங்கன்னா. என்ற சாமர்த்தியத்தை நெனைச்சு அசந்து நிக்கறான்னு நான் இன்னும் ரெண்டு தடவை சத்தமாப் படிச்சுக் காட்டுனேன்.

பணம் பன்னெண்டு நாள்ல வந்துருச்சு. அந்தக் காசுல ஒரு சாய்வு நாற்காலி வாங்குனேனுங்க. காலுக்கு ஒரு பலகை தூக்கும் பாருங்க, அது. ஹால்ல நடு மத்தியில போட்டேன். ஒரம்பரைன்னு வர்ற சொந்தக்காரங்களையெல்லாம் உக்கார வெச்சுக் காட்டுனேன்.

அஞ்சு மாசம் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. டிசம்பர் மொத வாரம் லெட்டர் வருது. எனக்கு வந்திருந்தா யாருக்கும் தெரியாம பொட்டாட்ட மடிச்சு வெச்சிருப்பேன். அவ பேருக்கு வந்துருச்சு. உங்க கணவர் உங்களுக்கு வருசத்துக்கு ஒரு லட்சத்து எம்பதாயிரம் வாடகை குடுத்ததாச் சொல்றாரே, வாங்குனது உண்மையா, எந்தக் கணக்குல வந்துச்சு, பதினஞ்சு நாளைக்குள்ள பதில் சொல்லுங்கன்னு. கெரகத்தைப் பாருங்க. அவ பேருக்கு அதுக்கு முன்னால வந்த தபாலெல்லாம் கல்யாணப் பத்திரிகைதான், அதுலயும் திருமதி சென்னியப்பன்னுதான் இருக்கும்.

நான் சமாளிச்சேன். "ஒண்ணுமில்லை ருக்கு, வாங்குனேன்னு ஒரு வரி எழுதிப் போட்டுரு"ன்னேன்.

"நான் வாங்குலியே"ன்னா.

"அது எனக்கும் உனக்கும் தெரியும். உனக்கு வரி வராது, எனக்குக் காசு மிச்சம். யாருக்கு நட்டம்?"

"வாங்காத காசை வாங்குனேன்னு எழுதோணுமா? அந்த ஒண்ணு எம்பதை நான் எங்க வெச்சிருக்கறேன்னு கேட்டா உங்க நாற்காலியைக் காட்டோணுமா?"

சண்டை போட்டாக்கூடத் தேவலைங்க. அதோட அரிசி களையப் போயிட்டா. அடுத்த நாள் நான் கம்பெனிக்குப் போனதும் டவுன் பஸ் புடிச்சு இதே படி ஏறி வந்து, வரதராசன்கிட்ட அந்த லெட்டரைக் குடுத்து, துணி தெச்ச காசுல ஆயிரத்தைந்நூறு ஃபீசும் கட்டிட்டு வந்திருக்கறா. எனக்கு ஒரு வார்த்தை இல்லை. நான் பதறிப்போயி வரதராசனுக்குப் போன் போட்டா அவரு என்ன சொன்னாரு தெரியுங்களா? "சென்னியப்பன் சார், நான் இப்ப அம்மாவோட ஆடிட்டருங்க. அவங்க இல்லாம உங்ககிட்ட இதைப் பேசறது முறையில்லை"ன்னாரு. பதினாலு வருசப் பழக்கம் சார்!

அந்த சாஃப்ட்வேர்ல போயும் கேட்டுப் பாத்தேன். உங்கள் கேள்வி எங்களுக்கு முக்கியம்னுது. மூணு நாளா முக்கியம்னே சொல்லிக்கிட்டிருந்துது. ருக்குமணிகிட்டப் பொலம்புனேன், இத்தனை மரியாதையாப் பேசிட்டு இப்படிக் கை விட்டுருச்சே பாருன்னு. "அதுக்கு உங்களைத் தெரியாதுல்ல, அதான் மரியாதை"ன்னுட்டா.

கடைசியில மூணு பேரும் உக்காந்தோம். டிசம்பர் முடியறதுக்குள்ள திருத்திப் போட்டுருங்க, வாங்குனதை வட்டியோட திருப்பிக் கட்டிருங்கன்னாரு வரதராசன். கட்டுனேன். ஆயிரத்தைந்நூறை மிச்சம் புடிக்கப் போயி இருபத்தெட்டாயிரத்து ஐநூறு. சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கறதுன்னு சொல்வாங்களே, அதுக்கு என்ற போட்டோவைத்தான் போடோணும். ருக்குமணியும் வாடகை எதுவும் வாங்கலைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிச்சா.

அத்தோட விட்டிருக்கலாமுங்க. அடுத்த ஜூலையில வரதராசன்தான் எனக்கும் போட்டாரு, அவளுக்கும் தையல் வருமானத்துக்கு மொத மொதலாப் போட்டாரு. எனக்குத் திரும்பி வந்தது நானூத்திப் பத்து ரூபா. வயிறு எரிஞ்சுது. அப்பத்தான் எனக்கு அந்த ரோசனை வந்துது. வாடகையை நிஜமாவே குடுத்துட்டா?

வரதராசன் கண்ணாடியைக் கழட்டுனாரு. ஆனா இந்தத் தடவை இல்லைன்னு சொல்லலை. "குடுக்கலாம். அக்ரிமென்ட் போடோணும், மாசாமாசம் அம்மா கணக்குக்கு பேங்க் வழியாப் போகோணும். போன காசு அவங்க காசு. அதை நல்லா யோசிச்சுக்குங்க"ன்னாரு. யோசிக்க என்ன இருக்குது? இந்தப் பாக்கெட்டுல இருந்து அந்தச் சுருக்குப்பைக்குப் போகும், அங்கிருந்து மளிகைக் கடைக்குப் போகும். வீட்டுக் காசு வீட்டுக்குள்ள. வரி மட்டும் மிச்சம். செப்டம்பர் ஒண்ணாந்தேதி போட்டோம் அக்ரிமென்ட், பதினொரு மாசத்துக்கு.

மொத மாசம் பதினஞ்சாயிரம் அனுப்பிச்சேன். அஞ்சாந்தேதி மளிகைக்குக் காசு கேட்டா. "வாடகை வந்துருச்சுல்ல?"ன்னேன். "மளிகை நீங்க எப்பவும் குடுக்கற வீட்டுச் செலவு. வாடகை என்ற வருமானம்"ன்னா. நான் வெளையாட்டுன்னு நெனைச்சேன் சார். ஆறு மாசத்துல ஹால்ல நாலு தையல் மிசின் நிக்குது! பக்கத்துத் தெருப் பொம்பளைக மூணு பேர் வந்து வேலை செய்யறாங்க. பள்ளிக்கூட யூனிபாரம் ஆர்டராம். என்ற சாய்வு நாற்காலி மாடிப்படிக்குக் கீழ போயிருச்சு, பலகை தூக்கறதுக்கு எடமில்லை. இது நான் வாடகைக்கு எடுத்த வீடு, ஹாலும் அதுல சேத்திதான்னு சட்டம் பேசுனேன். "அடுத்த அக்ரிமென்ட்ல ஹாலைக் கழிச்சுப் போட்டுக்கலாம், வாடகையும் கொறைச்சுக்கறேன்"னு சிரிச்சுக்கிட்டே சொல்லிப்போட்டா.

இது வரைக்கும்கூட எனக்கு ஒண்ணுமில்லீங்க. உண்மையச் சொன்னா, சாயங்காலம் வீட்டுக்குள்ள நுழையறப்ப மிசின் சத்தமும் பொம்பளைக பேச்சுமா இருக்கறது எனக்குப் புடிச்சுத்தான் இருந்துது. பையன் பெங்களூர் போனதுக்கப்பறம் வெறிச்சோடிக் கெடந்த வீடு.

ரெண்டு வாரம் முந்தித்தான் வினை வந்துது. இன்னும் நாலு மிசின் வாங்கறதுக்கு பேங்க்ல லோன் கேட்டிருந்தா. வருமான வரி போட்ட பேப்பர் இருக்கறதுனால நாலு லட்சம் வரைக்கும் தருவாங்களாம். எடத்தைப் பாக்கறதுக்கு ஒரு ஆபீசர் வந்தாரு. ருக்குமணி காலையிலயே குளிச்சு, நல்ல சீலை கட்டி, பத்திரம், ரிட்டர்ன் எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு வாசல்ல நிக்கறா. வந்தவரு அண்ணாந்து வீட்டைப் பாத்து, "நல்லாக் கட்டியிருக்கறீங்க. யாரோட வீடுங்க?"ன்னாரு. நான் வாயத் தொறந்து, "நம்ம வீடுதானுங்க, நான் கட்டுனது"ன்னேன். இதுல என்ன தப்பு? வந்தவங்களுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டாமா?

அந்த ஆளு அதுக்கப்பறம் ருக்குமணி பக்கம் திரும்பவே இல்லைங்க. எங்கிட்டயே கேக்கறாரு. என்ன தொழிலு, எத்தனை ஆளு, மாசம் எவ்வளவு வருது. நானும் தெரிஞ்ச வரைக்கும் அடிச்சு விட்டேன். கடைசியில, "சார், உங்க சம்பளப் பேப்பரும் கையெழுத்தும் குடுத்துருங்க, லோனை உங்க பேர்லயே போட்டுரலாம், சுலபம்"னுட்டுப் போயிட்டாரு. திரும்பிப் பாக்கறேன், ருக்குமணி அந்த ஃபைலை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு அங்கயே நிக்கறா. டீ கொண்டு வந்த பொம்பளை எங்கிட்ட ஒரு டம்ளரை நீட்டிப்போட்டு அவளைப் பாத்து அப்படியே நின்னுட்டா. எல்லா மிசினும் நின்னு போச்சு.

மூணாம் நாள் சோறு போட்டுக்கிட்டே சொன்னா. "முப்பத்தொண்ணோட அக்ரிமென்ட் முடியுதுங்க. புதுசு போடறதா இருந்தா ரெண்டு சாட்சி வேணும். ஒருத்தரு ஆடிட்டர் ஆபீசு டைப்பிஸ்ட் அம்மா. இன்னொருத்தரை நீங்க கூட்டிட்டு வரோணும். இது யார் வீடுன்னு உங்க வாயால சொல்லிக் கேட்ட ஆளா இருக்கோணும். இல்லைன்னா ஒண்ணாந்தேதி காங்கேயத்துல உங்க தம்பி வீட்டுக்குப் போயிக்குங்க." சிரிக்கலைங்க. ரசத்தை ஊத்திட்டு உள்ள போயிட்டா.

நான் யார்கிட்டங்க போயிச் சொல்லுவேன்? கம்பெனியில சொன்னா கேன்டீன் பூராச் சிரிக்கும். தெருவுல பால்காரன் வரைக்கும் சென்னியப்பன் வீடுன்னுதான் சொல்வான். தம்பிகிட்டச் சொன்னா, பதினேழு வருசமா எங்களையே ஏமாத்துனியாடான்னு அவன் ஒரு பக்கம் கெளம்புவான். பத்து நாளாப் பையில முத்திரைத்தாளை வெச்சுக்கிட்டு அலையறேன். இன்னிக்கு இருபத்தொம்பது. அதான் சார், நீங்க வந்து உக்காந்து ஒரு கேள்வி கேட்டதும் எனக்குச் சாமியே வந்த மாதிரி இருந்துது. உங்களுக்கு என்னையத் தெரியாது, எனக்கு உங்களைத் தெரியாது. முழுக்கதையும் சொல்லிட்டேன். இந்தாங்க பேனா. இங்கதான், ரெண்டாவது சாட்சின்னு இருக்குது பாருங்க. பேரு, கையெழுத்து, ஊரு. முடிஞ்சுது.

என்னங்க யோசிக்கறீங்க? யாரு வீடுன்னு நான் இன்னும் சொல்லவே இல்லைங்களா? சொன்னேனே! பத்திரம் அவ பேர்லன்னு ஆரம்பத்துலயே சொன்னேன். அது பத்தாதா?

இந்தா, கதவு தொறக்குது. வந்துட்டா. சார், கேட்டா ஆமா, சொன்னாருன்னு சொல்லிருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

வா ருக்கு. ஆச்சா? இவருதான் சாட்சி. இப்பத்தான் எல்லாத்தையும் சொல்லி முடிச்சேன். என்ன? அவர்கிட்டயே கேக்கறயா? கேளு, கேளு. ஏனுங்க சார், சொல்லுங்க. யாரு வீடுன்னு கேக்கறா பாருங்க. ஏன் பேனாவை மூடி எங்கிட்டயே குடுக்கறீங்க? சார்?

சரி. நாந்தான் சொல்லோணும். பெஞ்சுல இருக்கறவங்களும் கேட்டுக்குங்க, ஒண்ணுமில்லை.

இது என்ற சம்சாரம் ருக்குமணிங்க. நான் இருக்கறது இவ வீட்டுல. மனை இவங்க அப்பன் வாங்கிக் குடுத்தது. கட்டடம் இவ கழுத்துலயும் கையிலயும் இருந்த அறுவது பவுனு. அதை வித்து வந்த காசுல கட்டுனோம், இன்னிவரைக்கும் ஒரு குந்துமணி நான் திருப்பிச் செஞ்சு போடலை. சுத்துச் செவுரும் பெயின்ட்டும் மட்டும்தான் என்ற சம்பளம். மத்தபடி நான் பக்கத்துல நின்னேன், அவ்வளவுதான். பதினேழு வருசமா என்ற வீடுன்னு சொல்லிக்கிட்டே இருந்துட்டேன், அவ ஒருக்கா கூட மறுத்துப் பேசலை. பேசலைன்னதும் எனக்கே அது நெசமாட்ட ஆயிருச்சு. எனக்கு இப்ப ரொம்ப வெக்கமா இருக்குதுங்க, ருக்கு மூஞ்சியப் பாக்க முடியலை.

ஏன் ருக்கு, நீ எதுக்கு இப்பக் கண்ணைத் தொடைக்கற? நாலு பேர் பாக்கறாங்க பாரு.

போடுங்க சார் இப்ப. இந்தாங்க பேனா. மேல வீட்டு ஓனர் பேர்ல அவ கையெழுத்துப் போடட்டும் மொதல்ல, அதுக்குக் கீழ நீங்க போடுங்க.